முரசைத் தொட்ட விரல்

வகுப்பறையில் கவிதை – 17

வாசிப்பைப் பற்றி எழுதிய அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட்டையும் அவருடைய 1938ஆம் ஆண்டு நூலையும் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். எழுத்தும் வாசகரும் கூடுகிற இடத்தில்தான் கவிதை பிறக்கிறது என்றார். இந்த வாரம், கேரளப் பள்ளிகளின் மலையாளத் தேர்வில் கேட்கிற ‘ஆஸ்வாதனக் குறிப்பு’க்கு, அதாவது கவிதையை ரசித்து எழுதும் குறிப்புக்கு, எப்படி மதிப்பெண் போடுவது என்று எழுதுவதாக இருந்தேன். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலையில் காதில் விழுந்த ஒரு பதில் அதை முந்திக்கொண்டது.

கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. சுற்றுலா வருகிறவர்கள் மூடுபனியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் சிலருக்கு விடுமுறை நாளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர், அன்று, தந்தையையும் குன்றையும் வேந்தரிடம் இழந்த பாரி மகளிரின் பாடலை எடுத்திருந்தார். புறநானூற்றின் 112ஆம் பாட்டு, ஐந்தே அடி. பதவுரை சொன்னார். கருத்துரை சொல்லவில்லை. “என்ன தோணுது மக்களே?” என்று மட்டும் கேட்டார்.

“அழுகை வருது” என்றார்கள் இரண்டு மூன்று பேர். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “எனக்குக் கோவம் வருது டீச்சர். தப்பா?” என்றாள்.

“தப்பில்ல. எந்த இடத்துல கோவம் வந்துச்சு, காட்டு.”

அவள் விரல் வேந்தரின் வெற்றி முரசில் போய் நின்றது. “அப்பாவைக் கொன்னுட்டு, மலையையும் பிடுங்கிட்டு, அதுக்குக் கொட்டு வேறயா?”

அன்றிரவு பழைய உரையைப் புரட்டினேன். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது உடன் அச்சேறிய அந்த உரைகாரர், அதே முரசில் நிற்கிறார். மூவேந்தரும் முற்றுகையிட்டும் பாரியைப் போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்தே கொன்றார்கள். ஆகவே அவர்களை வென்றவர்கள் என்பது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். எந்த உரையையும் படிக்காத பெண் கோபத்தின் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்!

நம் வினாத்தாள்கள் இந்தப் பாட்டை, இழப்புக்கு இரங்கும் ‘கையறுநிலை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. துறை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் கோபம் என்று எழுதுகிற பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் கிடைக்குமா?

தொல்காப்பியர் கொடுத்திருப்பார். மெய்ப்பாட்டியலில் அவர் சொல்லும் மெய்ப்பாடுகள், அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு; ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நான்கு, ஆக 32. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இந்தக் கணக்குத்தான். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு. தந்தையையும் குன்றையும் பறிகொடுத்ததில் அழுகை கண்ட பிள்ளைகள் இழவில் நிற்கிறார்கள். முரசைத் தொட்டவள் குடிகோளிலும் கொலையிலும் நிற்கிறாள். சுற்றத்துக்குக் கேடு சூழ்வதுதானே குடிகோள்? இரண்டு பதிலும் சரி; இரண்டுக்கும் பாட்டுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது.

மலைக்குக் கீழே, கேரளப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த மலையாளக் கவிஞர் அய்யப்பப் பணிக்கர், தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டை இன்றைய இலக்கிய ஆய்வுக்கும் உகந்ததென்று எடுத்துச் சொன்னவர். திணைக்குக் கிடைத்த அந்தக் கவனம் மெய்ப்பாட்டுக்கும் கிடைக்க வேண்டும். அதுவும் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்க வேண்டும்.

உணர்ச்சியைக் கேட்டுவிட்டால் பாடம் முடிந்ததா என்றால், இல்லை. கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்கள் எழுதியதை ஆராய்ந்தார் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ். 1929இல் வந்த அவருடைய நூல் நிறைய, கவிதையை விட்டு விலகி ஓடிய வாசிப்புகள்தான். பொன்முடியில் அந்த விலகலைத் தடுத்தது ஆசிரியையின் இரண்டாம் கேள்வி. “என்ன தோணுது?” என்பதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் அரட்டையாகப் போயிருக்கும். “எந்த இடத்துல?” என்று கேட்டதும் பிள்ளை பாட்டுக்குத் திரும்பினாள். இலக்கியப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

மதிப்பெண் விவகாரம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் ஆசிரியர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கருத்துரையைத் தள்ளிவையுங்கள், எட்டு மெய்ப்பாடுகளில் எது தோன்றியது, எந்தச் சொல்லில் தோன்றியது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வந்த பதில்களை எனக்கு அனுப்புங்கள். அவற்றை வைத்தே அடுத்த வாரம் மதிப்பெண் போட்டுப் பார்ப்போம்.