கூரைக்கு நான்கு லட்சம் செலவு, கைக்கு ஏன் இரண்டு லட்சம்?

சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் கிளம்பும் சூறைக்காற்று, பல்லடம், சோமனூர், அவிநாசி வட்டாரத்தில் தறிக்கூடங்களின் சிமென்ட் ஷீட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே பதற்றம்தான்: “72 மணி நேரம் தாண்டிவிட்டது, இனி இன்சூரன்ஸ் கிடைக்காதாமே?”

கிடைக்கும். 72 மணி நேரக் கெடு பயிர்க் காப்பீட்டுக்கு உரியது; யாரோ அதைக் கொண்டுவந்து கூரையில் ஒட்டிவிட்டார்கள். கட்டடத்துக்கான பழைய தீ விபத்து பாலிசியில், சேதம் நேர்ந்தவுடன் தகவல் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் ‘பாரத்’ வகை பாலிசிகளில் கோரிக்கைப் படிவத்துக்கு 30 நாள். அதுவும் கடந்துவிட்டால் ஓய்ந்துவிடாதீர்கள். நியாயமான காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. லாரி திருட்டு தொடர்பான ஓம் பிரகாஷ் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுவே. தாமதத்தின் காரணத்தை எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டு, இன்றே கொடுங்கள்.

இந்தக் கெடுவையெல்லாம் சரியாகக் கடைப்பிடித்தவருக்கும் பாதிப் பணம்தான் வருகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அதை ‘ஆவரேஜ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

கணக்குக்காக ஒரு தறிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலைக்கு அதைத் திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும். வங்கியில் கடன் வாங்கியபோது போட்ட பாலிசி 10 லட்சத்துக்கு; அதே தொகைக்கே வருஷா வருஷம் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். காற்றில் ஷீட்டும் ஆங்கிளும் போய், செலவு 4 லட்சம். 10 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 4 லட்சமும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சர்வேயர் வருகிறார், நீள அகலம் அளக்கிறார், கட்டடத்தின் மதிப்பு 20 லட்சம் என்று எழுதுகிறார். மதிப்பில் பாதிக்குத்தான் பாலிசி என்றால், சேதத்திலும் பாதிதான். ஆக 2 லட்சம். பழைய பாலிசியாக இருந்தால் அதிலும் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய், உங்கள் பங்கு என்று கழியும். கையில் 1 லட்சத்து 90 ஆயிரம்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் புரியாததல்ல. பாதி மதிப்புக்குப் பிரீமியம் கட்டியவருக்கு முழுச் சேதத்தையும் கொடுத்தால், முழு மதிப்புக்குக் கட்டியவர் ஏமாளியாகிறார். ஆனால் அந்தப் பாதி மதிப்பை முடிவு செய்தது யார்? பெரும்பாலும் கடன் தொகையைப் பார்த்து வங்கி, இல்லையென்றால் போன வருஷத்துத் தாளைப் பார்த்து ஏஜென்ட். பிரீமியம் வாங்கும்போது யாரும் டேப்பை எடுத்துக்கொண்டு வருவதில்லை. பணம் கொடுக்க வேண்டிய நாளில்தான் டேப் வருகிறது. இதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன்.

சோமனூர்ப் பக்கம் வீட்டோடு ஒட்டியே தறிக்கூடம் இருக்கும். நடுவில் ஒரே சுவர். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ எடுத்திருந்தால் வீட்டுக் கூரைக்கு இந்த ஆவரேஜ் கிடையாது. குறைத்துப் போட்டிருந்தாலும், காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கும் சேதத்துக்கு வெட்டு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம் தொழிற்கட்டடம். 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு விற்கப்படும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ 15 சதவீதக் குறை வரை மன்னிக்கிறது. அதைத் தாண்டினால் விகிதக் கணக்கு வந்துவிடும். ஒரே காற்றில் பறந்த இரண்டு கூரைக்கு இரண்டு நீதி.

‘கோரிக்கைகளில் இத்தனை சதவீதம் தீர்த்துவைத்தோம்’ என்ற விளம்பரங்களையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். கேட்டதில் பாதி கொடுத்தாலும் அது ‘தீர்த்துவைத்த’ கோரிக்கைதான். 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு என்று 2024 ஜூனில் ஆணையம் வகுத்த காலவரையறையும் அப்படித்தான்: எத்தனை நாளில் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு என்று சொல்லவில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாலிசி அட்டவணையில் கட்டடம், இயந்திரம், சரக்கு என்று தனித்தனித் தொகை இருக்கும். ஆவரேஜும் தனித்தனியாகவே போடப்படும். தறிக்கு அதிகமாகப் போட்டது கூரைக் குறையை ஈடுகட்டாது. ஒரு இன்ஜினீயரிடம் கட்டடத்தின் இன்றைய கட்டுமானச் செலவை எழுதி வாங்கி, புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே தொகையை உயர்த்துங்கள். இப்போதே கூரை போனவர்கள், சர்வேயர் போட்ட மதிப்பு எப்படி வந்தது என்று அறிக்கையின் நகலைக் கேளுங்கள். மதிப்பு தவறென்றால் சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நனைந்த பாவும் நூலும்? கூலி நெசவில் அவை ஜவுளி உற்பத்தியாளருடையவை. அடுத்தவர் சரக்கு என்று பாலிசியில் குறிப்பிட்டிருந்தால்தான் பணம்.

சர்வேயர் வரும் வரை கூரையை அப்படியே விடலாமா? கூடாது, படம் எடுத்துவிட்டுத் தார்ப்பாய் போடுங்கள், உடைந்த ஷீட்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள்.

பிரீமியம் குறைய வேண்டுமென்று புயல், வெள்ளத்தை நீக்கிய பாலிசி? காற்றுச் சேதத்துக்கு அதில் ஒன்றும் வராது.

தாசில்தார் அலுவலக நிவாரணம் வாங்கினால் இன்சூரன்ஸ் போய்விடுமா? போகாது, வி.ஏ.ஓ. அறிக்கை சாட்சியாகவும் உதவும்.

மறுத்தால்? தனிநபருக்கும் குறுந்தொழிலுக்கும் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்; கட்டணம் இல்லை, மறுப்புக் கடிதத்திலிருந்து ஓராண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு.