பிரெஞ்சுப் புரட்சிக்கும் பேராக் தோட்டத் தமிழர்களுக்கும் என்ன சம்பந்தம்?

பங்கோர் தீவுக்குப் போயிருந்தால், தெலுக் கெடோங்கில் இடிந்து கிடக்கும் அந்தச் செங்கல் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 'கோத்தா பெலாண்டா', அதாவது டச்சுக் கோட்டை. பெரும்பாலானவர்கள் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: பேராக்கில் ஆட்சி செய்தது பிரிட்டிஷ்காரர்கள் என்றுதானே படித்தோம்? டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை?

ஈயம்தான். 1641 முதல் மலாக்கா டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. பேராக்கின் ஈயம் வேறு யாருக்கும் போகக்கூடாது என்பதற்காக 1670-இல் பங்கோரில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அது நிலைக்கவில்லை. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டில் பேராக் சுல்தானோடு ஒப்பந்தம் போட்டு, ஆற்றங்கரையில் காவலும் வைத்து, ஈய வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

1795-இல் அதுவும் முடிந்தது. அதற்குக் காரணத்தைத் தேடினால் பாரிஸ் வரை போக வேண்டும்.

மன்னர் எழுதிய கடிதம்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-இல் மன்னர் 16ஆம் லூயியின் தலையை வெட்டிய புரட்சி அரசு, அடுத்த சில நாள்களிலேயே பிரிட்டன் மீதும் ஹாலந்து மீதும் போர் அறிவித்தது. 1795 ஜனவரியில் கடும் குளிர். ஹாலந்தின் ஆறுகள் உறைந்துவிட்டன. அந்த நாட்டுக்கு ஆறுதான் அரண். பிரெஞ்சுப் படை பனிக்கட்டி மேல் நடந்தே உள்ளே வந்துவிட்டது. ஹாலந்தின் தலைவர் ஐந்தாம் வில்லியம் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். (அவருடைய பதவிப் பெயர் வேறு, மன்னர் என்றே வைத்துக்கொள்வோம்.)

லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் தங்கியிருந்த அவர், பிப்ரவரி 7-ஆம் தேதி தன் காலனி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்காமல் இருக்க, உங்கள் கோட்டைகளைப் பிரிட்டிஷ் படையிடம் விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி.

சாவி கிடைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டு ஆகஸ்டில், மெட்ராசிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையிடம் மலாக்கா சரணடைந்தது. பேராக் ஆற்றங்கரையில் இருந்த டச்சுக் காவலும் கைமாறியது. திரிகோணமலை, யாழ்ப்பாணம், அடுத்த ஆண்டு கொழும்பு என்று இலங்கையில் டச்சுக்காரர்களிடம் இருந்த பகுதிகளும் போயின. மலாயா ரயில்வேயில் வேலை பார்க்க யாழ்ப்பாணத் தமிழர்கள் பிறகு இங்கே வந்தார்களே, அந்தப் பாதையும் இதில்தான் ஆரம்பிக்கிறது.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1818-இல் மலாக்காவை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் இடையில் பிரிட்டிஷ் வியாபாரிகள் ருசி கண்டுவிட்டார்கள். 1819-இல் சிங்கப்பூரிலும் கால் வைத்தாகிவிட்டது. உரசல் முற்றியது. கடைசியில் 1824 மார்ச் 17 அன்று லண்டனில் உட்கார்ந்து இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன: சுமத்ரா டச்சுக்காரர்களுக்கு, தீபகற்பம் பிரிட்டிஷ்காரர்களுக்கு. மலாக்கா நீரிணை இரண்டு பேரரசுகளுக்கு நடுவே எல்லையாகிவிட்டது. எந்த மலாய் சுல்தானிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஆள் தேவைப்பட்டது

அந்தக் காலத்தில் இன்னொரு புரட்சியும் நடந்தது. நம் பாடப் புத்தகங்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1791-இல் கரீபியக் கடலில் பிரான்சின் கரும்புத் தீவான ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் தனி நாடே அமைத்துவிட்டார்கள். 1831-இல் பிரிட்டனின் ஜமைக்காவிலும் பெரிய கலகம். பிரிட்டனுக்குள்ளும் அடிமை முறைக்கு எதிரான இயக்கம் வலுத்திருந்தது. 1833-இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நஷ்ட ஈடு கிடைத்தது யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு.

சட்டம் மாறினாலும் கரும்புத் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. மொரீஷியசில் தொடங்கி, ஒப்பந்தக் கூலி என்ற ஏற்பாடு இந்தியர்களைக் கப்பலேற்றியது. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

பேராக்கின் முறை 1874 ஜனவரி 20-இல் வந்தது. அன்று கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை பிரிட்டிஷ் ரெசிடெண்டை உள்ளே கொண்டு வந்தது. முதல் ரெசிடெண்ட் பெர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஈப்போவில் அவர் பெயரில் இருக்கும் மணிக்கூண்டு, அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயரில் உள்ள சாலையில் நிற்கிறது. அடுத்த முறை போனால் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

1877-இல் கோலகங்சாருக்கு ரப்பர் கன்றுகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, காடு அழிந்து பால்மரம் வந்தது. சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் பக்கமெல்லாம் தமிழர்களின் லயங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலி 1910-இல் ஒழிந்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவது 1938 வரை நடந்தது. மெட்ராசும் மலாயாவும் ஒரே கொடியின் கீழ் இருந்ததால் இது சுலபமாக முடிந்தது.

கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால்? பதில் நீரிணைக்கு அந்தப் பக்கம், மேடானில் இருக்கிறது. டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் போனார்கள். 1884-இல் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் பேராக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் முளைத்து, பிறகு அரசாங்கக் கல்வி முறைக்குள் வந்த தமிழ்ப்பள்ளிகள் மாதிரி ஒன்று அங்கே உருவாகவில்லை. இந்தக் கட்டுரையை நீங்கள் தமிழில் படிக்க முடிகிறதே, அதில் 1824-இல் லண்டனில் போட்ட அந்தக் கோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.