உடைந்த சுடுமண் குதிரைக்கு எந்தப் பசை?

தோட்டத்துச் சுடுமண் குதிரையின் காது உடைந்தால் பலரும் உடனே எடுப்பது ஃபெவிக்விக்கைத்தான். நொடியில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் மழையிலும் ஈரத்திலும் அந்த ஒட்டு நாளடைவில் தளரும். வெளியில் நிற்கும் பொம்மைக்குப் பசை வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்: தண்ணீர், வெயில், உடைந்த விளிம்புகளுக்கு இடையே விழும் சந்து.

சுடுமண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். மழைநீரையும் தரையின் ஈரத்தையும் அது உறிஞ்சுவதால், ஒட்டிய இடத்துக்கு உள்ளிருந்தே ஈரம் வந்து சேரும். மரவேலைக்குப் பயன்படும் சாதாரண வெள்ளைப் பசை, தன்னிலுள்ள தண்ணீர் ஆவியாவதால் இறுகுவது. மறுபடி நனைந்தால் இளகிவிடும். தோட்டத்துக்கு அது ஆகாது.

ஃபெவிக்விக் போன்றவை சயனோஅக்ரிலேட் வகை. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் 1942-ல் இவ்வேதிப்பொருளை எதிர்கொண்டார். 1958-ல் அது பசையாக விற்பனைக்கு வந்தது. பரப்பிலுள்ள துளி ஈரமே இதை இறுகச் செய்யும். மெல்லிய படலமாக, இரு பரப்புகளும் நெருங்கிப் பொருந்தும் இடத்தில்தான் இதன் பலம். சுடுமண்ணின் உடைந்த விளிம்போ சொரசொரப்பானது, ஓரம் உதிர்ந்தது. பசையை மண் குடித்துவிடும், சந்தும் நிரம்பாது.

இங்கே கைகொடுப்பது எபாக்ஸி. 1946-ல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமான அரால்டைட் இந்த வகைதான். ரெசின் ஒரு குழாயிலும் ஹார்ட்னர் இன்னொன்றிலும் இருக்கும். இரண்டும் கலந்ததும் மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்து வலையாகின்றன. எதுவும் ஆவியாக வேண்டியதில்லை. அதனால் பசை அதிகம் சுருங்காமல் சந்தை நிரப்பும், தண்ணீரிலும் கரையாது. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகத்தைவிட, மெதுவாக இறுகும் ரகம் வெளியிடத்துக்கு ஏற்றது. சில்லு காணாமல் போயிருந்தால் எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவால் அடைக்கலாம். வெயிலில் எபாக்ஸி மஞ்சளாகிச் சிதையும் என்பதால், ஒட்டிய கோட்டின்மேல் அக்ரிலிக் பெயின்ட் பூசுவது அவசியம்.

சிமென்ட் சிலையின் கனமான கை உடைந்தால் பசை மட்டும் தாங்காது. இரு பக்கமும் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் செருகி எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து சிமென்ட்டைப் பிளந்துவிடும்.

எந்தப் பசையானாலும் தயாரிப்பில்தான் பாதி வெற்றி. துண்டுகளைச் சில நாள் நன்றாகக் காயவையுங்கள். தூசியைத் தூரிகையால் தட்டி, பாசியைச் சுரண்டுங்கள். பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, எந்தத் துண்டுக்குப் பின் எது என்று முடிவு செய்யுங்கள். வரிசை தவறினால் கடைசித் துண்டு உள்ளே நுழையாது. கையுறை அணிந்து, அளவு பிசகாமல் கலந்து, மெல்லிதாகத் தடவுங்கள். ஒட்டிய துண்டு நேராக நிற்கும்படி பொம்மையை மணல் நிரம்பிய தட்டில் புதைத்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

வீட்டில் பரம்பரையாக இருக்கும் பழம்பொருள் என்றால் எபாக்ஸியைத் தொடவே வேண்டாம். அருங்காட்சியகங்களில் பழுது பார்ப்பவர்கள் அசிட்டோனில் கரையும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் ரெசினை விரும்புகிறார்கள். பிற்பாடு கரைத்துப் பிரித்துச் சரியாக ஒட்டலாம். மண்ணைவிடப் பசை மிக வலுவாக இருந்தால், அடுத்த அடியில் பழைய ஒட்டு நிற்கும். புதிய இடம் உடையும். தோட்டத்துப் பொம்மைக்கு மழையைத் தாங்கும் பசையும் பழம்பொருளுக்குப் பிரிக்க முடிகிற பசையுமே சரியான தேர்வு.