லூகரின் விலை எண்களில் இருக்கிறது

பழைய கைத்துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் ஜெர்மனியின் லூகருக்கு இருக்கும் மவுசு தனி. கிடைக்காத பொருள் என்பதால் வந்த மவுசு அல்ல அது. முதல் உலகப் போரிலும் அதற்குப் பிறகும் லட்சக்கணக்கில் செய்து குவிக்கப்பட்ட பிஸ்டல் இது. இருந்தும், ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் செய்த இரண்டு லூகர்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலைக்குப் போவதுண்டு.

லூகருக்கு மூலம், ஹ்யூகோ போர்ஷார்ட் வடிவமைத்து 1893-இல் பெர்லினின் லோவே நிறுவனம் தயாரித்த பிஸ்டல். இயங்கியது நன்றாகத்தான், ஆனால் முதுகுப்பக்கம் புடைத்துக்கொண்டு, கையில் நில்லாத கனத்தோடு இருந்தது. ஆஸ்திரியரான கியோர்க் லூகர் அந்தப் புடைப்பிலிருந்த வில்லை எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்தார். உருவம் ஒல்லியானது, பிடி வசதியானது. 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் இதை 7.65 மி.மீ. அளவில் ஏற்றது. 9 மி.மீ. தோட்டாவோடு 1904-இல் ஜெர்மன் கடற்படையும் 1908-இல் தரைப்படையும் வாங்கின, பி.08 என்ற பெயர் அந்த ஆண்டால் வந்தது. அந்த 9 மி.மீ. தோட்டா இன்றும் உலகெங்கும் போலீசிலும் ராணுவத்திலும் புழங்குகிறது.

லூகரின் பூட்டு முழங்கால் போல மடங்குவது. சுட்டதும் குழலும் மூட்டும் சேர்ந்து சற்றுப் பின்வாங்கும். மூட்டின் இருபுறக் குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோதி மேலெழ, மூட்டு மடங்கி, வெற்றுத் தோட்டா வெளியே விழும். வில் மூட்டை நேராக்கும்போது அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். பார்க்க அழகு, செய்யச் செலவு. உறுப்புகளை ஒன்றோடொன்று பார்த்துப் பொருத்த வேண்டியிருந்ததால், ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது. படைமுகாமில் கழற்றித் துடைக்கும்போது மாறிவிடாமல் இருக்க எண் பொறித்தார்கள்: சட்டத்தில் முழு எண், சிறிய உறுப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கம்.

சேகரிப்பவர் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான். விசை, பக்கத்தகடு, மூட்டு என்று எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் பொருள் கலப்படமற்றது. ஒரு சிறு உறுப்பு மாறியிருந்தாலும் விலை இறங்கும். கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டிலும் அதே எண் இருந்துவிட்டால் யோகம்தான். போர்க்களத்தில் முதலில் தொலைவது அதுதானே.

அடுத்து மேற்பரப்பு. பழைய முறையில் இரும்பை மெல்லத் துருப்பிடிக்கவிட்டு, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்கவிட்டு ஆழ்ந்த கருநீலத்தைக் கொண்டுவந்தார்கள். விசை போன்ற சில உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் மஞ்சளாக்கினார்கள். 1930-களின் பிற்பகுதியில் வேலையை விரைவாக்க இரண்டுமே கைவிடப்பட்டன. ஆகவே, அதற்கு முந்தைய ஆண்டு பொறித்த லூகரில் விசையும் கருநீலமாக மின்னினால் பின்னாளில் யாரோ பூச்சைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பாலிஷ் போடும்போது விளிம்புகள் மழுங்கும், முத்திரை எழுத்தின் ஓரம் கரையும். வீட்டுப் பித்தளையைத் துலக்கிவைப்பது நமக்குப் பெருமை. இங்கே நூறாண்டுத் தேய்மானம் அப்படியே இருப்பதற்குத்தான் காசு.

முத்திரைகளில் அரசியலும் இருக்கிறது. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் ஆயுத உற்பத்திக்குக் கடிவாளம் போட்டிருந்தது. 1930-இல் லூகர் தயாரிப்பு மௌசர் ஆலைக்கு மாறியது. அந்தக் கடிவாளத்தை மீறுவது தெரியாதிருக்க, ஹிட்லர் ஆட்சியில் ராணுவத்துக்குச் செய்தவற்றில் ஆலைப் பெயருக்குப் பதில் ‘எஸ்/42’ என்ற சங்கேதமும், தொடக்கத்தில் ஆண்டுக்குப் பதில் ஓர் எழுத்தும் பொறிக்கப்பட்டன. விமானப்படைக்காகக் கிரீகோஃப் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் செய்தவையும், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையினருக்கான 200 மி.மீ. நீளக் குழல் கொண்டவையும் கூடுதல் விலை பெறுகின்றன. போலிகள் மலிந்திருப்பதும் இந்த வகைகளில்தான். சாதாரண லூகருக்கு நீளக் குழலை மாட்டுவதும், கிரீகோஃப் முத்திரையைப் புதிதாகக் குத்துவதும் பழைய தந்திரங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் லூகரை வெற்றிச் சின்னமாக எடுத்துப் போனார்கள். அதைக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு துப்பாக்கியோடு இன்றும் இருந்தால் ஏலத்தில் அதற்கும் மதிப்பு உண்டு. தாத்தா கொண்டுவந்தது என்ற வாய்வழிக் கதைக்கு மட்டும் அனுபவசாலி யாரும் பணம் தருவதில்லை.

மிக உயர்ந்த விலை பெற்றவற்றில் ஒன்று, ஒருபோதும் போருக்குப் போகாத லூகர். 1907-இல் அமெரிக்க ராணுவம் .45 அளவில் பிஸ்டல் தேடிப் பரிசோதனை நடத்தியபோது, லூகர் அதற்காகச் சிலவற்றை மட்டுமே செய்தார். அடுத்த கட்டத்துக்கு இருநூறு வேண்டும் என்று கேட்டபோது ஜெர்மன் தரப்பு விலகிக்கொண்டது. கடைசியில் கோல்ட் நிறுவனத்தின் வடிவம் வென்று 1911-இல் ராணுவத்தில் சேர்ந்தது. தோற்றுப்போன அந்த .45 லூகர்களில் எஞ்சிய ஒன்று, 2010-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.