படித்தாரா, படிக்கிறாரா? ஆங்கில விண்ணப்பங்களில் ஒரு கவனம்



சென்ற ஆண்டு கல்வி உதவிக்காக ஒரு மாணவியின் விண்ணப்பத்தை வெளியூர் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பினோம். பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. ‘ஐ ஸ்டடீட் பி.எஸ்ஸி. ஃபார் டூ இயர்ஸ்’ என்று எழுதியிருந்தது. படிப்பை நிறுத்தியவர்களுக்கு உதவ இயலாது என்று பதில் வந்தது. பிள்ளை நிறுத்தவே இல்லை. இரண்டு வருடம் முடித்ததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது. கல்லூரிச் சான்று வாங்கி, விளக்கம் அனுப்பிப் பணம் வருவதற்குள் ஃபீஸ் தேதி கடந்து, அபராதத்தோடு கட்டும்படி ஆயிற்று. அந்த விண்ணப்பத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நான்தான்.

ஆங்கிலத்தில் இப்படி வெறும் இறந்தகாலம் எழுதினால், காரியம் அதோடு முடிந்துவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இன்னும் தொடர்கிறதென்றால் ‘ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘வாப்பா பத்து வருஷமா இங்கே வேலை பார்க்கிறார்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘இஸ் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதுவதும் பிழைதான். ‘ஹாஸ் பீன் வொர்க்கிங்’ என்பதே சரி. ‘சின்ஸ் 2015’ என்று வந்தாலும் இதே முறை.

இதற்கு நேர்மாறான பிழையும் நிறைய வருகிறது: ‘மை ஃபாதர் ஹாஸ் எக்ஸ்பயர்டு இன் 2021’. முடிந்துபோன ஆண்டையோ தேதியையோ சொல்லிவிட்டால் அங்கே ‘ஹாஸ்’ நிற்காது. ‘மை ஃபாதர் டைட் இன் 2021’ போதும். (‘எக்ஸ்பயர்டு’ மருந்துக்கும் லைசென்ஸுக்கும் இருக்கட்டும்.)

மதரஸாவில் ஸர்ஃபு ஓதியவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாளீக்கு முன் ‘கத்’ சேர்ந்தால் வரும் பொருள் ஏறக்குறைய இந்த ‘ஹாவ்’ போன்றது. கல்லூரியில் எனக்கு இது பிடிபட்டதே அப்படித்தான். ஆனால் முளாரிஃ ஒன்றே நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஓடுவதுபோல ஆங்கிலத்தில் ஓட்ட முடியாது.

வழக்கமாகச் செய்யும் வேலைக்கு ‘இங்’ வேண்டாம். உம்மா தையல் வேலை செய்கிறார் என்றால் ‘மை மதர் ஸ்டிச்சஸ் கிளோத்ஸ்’. ‘ஐ ஆம் ஹாவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்பதும் ‘ஐ ஹாவ்’ என்றே இருக்கட்டும்.

இவ்வருட விண்ணப்பங்களை நல்ல தாளில் எழுதுமுன் ரஃப் காப்பியை அலுவலகத்தில் காட்டுங்கள். அஸருக்குப் பிறகு மக்ரிப் வரை இருப்பேன். ஆண்டும் தேதியும் வரும் வரிகளில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்தால் சீக்கிரம் பார்த்துவிடலாம்.