தானே விதைக்கும் காசித்தும்பை

காசித்தும்பைக்கு மலையாளத்திலும் இதே பெயர்தான். இதன் தாவரவியல் பெயரில் வரும் 'இம்பேஷன்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் 'பொறுமையில்லாதது' என்று பொருள். முற்றிய காயை விரல் தொட்டாலே வெடித்து விதையை வீசிவிடும். ஜூன் மழையில் முளைப்பது ஏறக்குறைய 60 நாளில் பூத்து, ஓணத்தின் அத்தப்பூக்களத்துக்கு உதவும். ஆனால் இன்று கலூரில் நாம் தமிழ்நாட்டுப் பூவை விலைக்கு வாங்குகிறோம். முற்றத்தில் கல் பதித்துவிட்டோம். விழுந்த விதைக்கு மண் இல்லை.

சுவரோரம் நீர் தேங்காத இடமாக ஒரு முழ அகலம் மண்ணை விட்டு வையுங்கள். பூ ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிடாதீங்க, காய் வெடிக்கட்டும். அடுத்த மழையில் நெருங்கி முளைத்ததை ஒரு சாண் இடைவெளியில் பிரித்து நட்டால் போதும். வியாபாரி நானே சொல்கிறேன், இதற்குக் காசு வேண்டாம்.