கலப்புக் கணினியின் பலமும் பாடும்

திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினியின் வேகம் 838 டெராஃப்ளாப். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். உள்ளே இருப்பவை ஒரே வகைக் கணினிகள் (கணுக்கள்) அல்ல. சிபியு (மையச் செயலி) கணுக்கள், ஜிபியு (வரைகலைச் செயலி) கணுக்கள், பெரிய நினைவகம் கொண்ட கணுக்கள் எல்லாம் கலந்தவை.

சிபியுவில் கணக்கிடும் அலகுகளான கருக்கள் குறைவு. ஆனால் கெட்டிக்காரக் கருக்கள். நிபந்தனைக்கு ஏற்பக் கிளை பிரியும் வேலை அவற்றுக்குக் கைவந்தது. ஜிபியுவில் ஆயிரக்கணக்கான எளிய கருக்கள். ஒரே கணக்கைக் கோடிக்கணக்கான எண்களுக்குப் போடும் வானிலைக் கணிப்பு, மூலக்கூறு ஆய்வு போன்றவற்றில் அவை முந்துகின்றன, மின்சாரமும் மிச்சமாகிறது.

சிக்கல் தரவை இடம் மாற்றுவதில்தான் தொடங்குகிறது. ஓர் உவமை: அழகர்கோவிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரோ நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வைகைக்கு வருகிறார். அழகருக்கு அது அழகு, தரவுக்கு அல்ல. சிபியு நினைவகத்துக்கும் ஜிபியு நினைவகத்துக்கும் இடையே அடிக்கடி போய்வந்தால், கணக்கில் மிச்சமான நேரம் வழியிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது நிரல். 2007இல் வந்த ‘கூடா’ நிரலாக்கத் தளம் என்விடியா நிறுவன ஜிபியுக்களுக்கே உரியது. ‘ஓப்பன்சிஎல்’ பல நிறுவனச் சில்லுகளிலும் ஓடும்; ஆனால் முழு வேகம் வேண்டுமானால் சில்லுக்குச் சில்லு திருத்தியாக வேண்டும். வேலையைச் சரியாகப் பங்கிடாவிட்டால் ஒரு பகுதி திணற, இன்னொன்று சும்மா இருக்கும்.

கணினி வல்லுநர் ஆம்டால் 1967இல் சுட்டிய வரம்பும் உண்டு. வரிசையாக மட்டுமே செய்யக்கூடிய வேலை பத்தில் ஒரு பங்கு இருந்தால், எத்தனை ஜிபியு சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.